வெள்ளோட்டத்துக்கு வீட்டு ஆள்

நல்லவாடு
10-6-1979

என் மகன் தணிகைவேலுக்கு அம்மா காசம்மாள் எழுதுவது.

நான் இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, படுக்க இடம் நன்றாக இருக்கிறதா, எழுது.

உன் விலாசத்தை மரியதாஸ் கொண்டுவந்து கொடுத்தான். கருவாட்டு லாரியோடு திருப்பூர் வந்தவன் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தானாமே. "உன் புள்ள பனியன் கம்பெனில இருக்கான்க்கா. இளைச்சிட்டான். ஆனா இருக்கான்" என்றான். அந்த ஒரு சொல்லுக்காக அவனை உட்கார வைத்து மீன் பொரித்துப் போட்டேன். அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள் காலையில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனவன் நீ. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும். வேறு ஆளை வைத்து உனக்கு எழுத மனசு வரவில்லை.

மறுபடியும் மீன் கூடை தூக்க ஆரம்பித்துவிட்டேன். தினமும் அபிஷேகப்பாக்கம், செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி மடுகரை. அபிஷேகப்பாக்கத்தில் அம்மணி என்று ஒருத்தி, "புருஷன் போயி மூணு மாசம் ஆவலை, அதுக்குள்ள கூடையத் தூக்கிட்டியே" என்றாள். "நான் தூக்கலைன்னா நீ கொழம்புல இன்னாத்தப் போடுவ" என்றேன். சிரித்துவிட்டு ஒரு கூறு காரப்பொடி மீன் வாங்கினாள்.

வீட்டில்தான் சத்தம் இல்லை. அப்பா எதற்கும் மூன்று தடவை கூப்பிடுகிற ஆள். சுண்ணாம்பு டப்பாவுக்கு மூன்று குரல். தண்ணீர்ச் செம்புக்கு மூன்று குரல். நான் எழுந்து போவதற்குள் டப்பா அவர் மடியிலேயே கிடைத்துவிடும். பக்கத்து வீட்டு அம்சவள்ளி சொல்கிறாள், "உங்க வூட்ல மூணு குரல் கேக்காம எனக்குப் பொழுது விடிஞ்சதே தெரியலைக்கா" என்று.

நம் விசைப்படகு கடலூர் முதுநகர் துறைமுகத்தில் கட்டிய இடத்திலேயே கிடக்கிறது. விலைக்குக் கேட்கிறார்கள். ஓடாமல் கிடந்தால் பலகை இற்றுவிடும் என்கிறார்கள். நீ என்ன சொல்கிறாய்.

அன்று கரையில் நான் கேட்டதை நீ மனசில் வைத்திருக்கிறாயா தெரியவில்லை. வா என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா
காசம்மாள்

*

திருப்பூர்
2-7-1979

அன்புள்ள அம்மாவுக்கு தணிகைவேல் எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது.

இங்கே கடல் இல்லை. நான் தங்கியிருக்கும் தெருவில் யாரும் கடலைப் பார்த்ததும் இல்லை. பனியன் துணி பின்னுகிற மெஷின் இருபது ஒரே கொட்டகையில் ஓடுகின்றன. பக்கத்தில் நிற்பவன் கூப்பிட்டாலும் காதில் விழாது. தோளைத் தொட்டுத்தான் பேச வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

படகை விற்றுவிடுங்கள். யார் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். கையெழுத்து வேண்டுமென்றால் காகிதத்தை அனுப்புங்கள், போட்டு அனுப்புகிறேன்.

மழைக்கு முன்னால் கூரைக்குக் கீற்று மாற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
தணிகைவேல்

*

நல்லவாடு
20-7-1979

மகன் தணிகைவேலுக்கு அம்மாவின் ஆசி. என் முழங்கால் எப்போதும் போலத்தான். மேட்டில் ஏறும்போது மட்டும் வலிக்கும்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஊரில் இருந்தவரை நீ, வா, போ என்றுதானே பேசுவாய். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தது அப்படி இருக்கலாம். இருந்தாலும் யாரோ வெளியூர் ஆள் எழுதியது போல இருந்தது.

படகு பார்க்க பாகூரில் எண்ணெய்க்கடை வைத்திருக்கும் நமச்சிவாயம் வந்தார். கடலூரில் மீன் வியாபாரமும் செய்யப் போகிறாராம். வெள்ளை வேட்டி சட்டையோடு வந்து படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஹார்ன் எங்கருக்கு?" என்று கேட்டார். துறைமுகமே சிரித்தது. அவர் கூட்டிவந்த படகு டிரைவர் செல்லக்கண்ணு, "மொதலாளி, கடல்ல யாரு குறுக்க வரப்போறா" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டான். அப்பா இருந்திருந்தால் இதை ஒரு வருஷம் சொல்லியிருப்பார்.

இன்ஜின் பிடித்திருந்தது. பலகையும் பிடித்திருந்தது. வெள்ளோட்டம் பார்த்துவிடலாம் என்றார்கள். அப்போது செல்லக்கண்ணு, "வூட்டு ஆளு யாரு ஏர்றது?" என்று கேட்டான்.

உனக்குத் தெரியும். பழைய படகை விற்கும்போது, விற்கிறவர் வீட்டு அடுப்பில் சாப்பிடுகிற ஒருவர் வாங்குகிறவரோடு ஏறிக் கடலுக்குள் போய்த் திரும்ப வேண்டும். குறை உள்ள படகு என்றால் வீட்டு ஆள் ஏற மாட்டான் அல்லவா, அதற்காக வைத்த வழக்கம். இந்தப் படகை அப்பா வாங்கியபோது விற்ற நாகூர்க்காரர் தன் மகனை ஏற்றி அனுப்பினாரே. அந்த மகன் முகத்துவாரத்திலேயே வாந்தி எடுத்ததை அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

உன் மாமன் ஏறப் போனார். செல்லக்கண்ணு தடுத்துவிட்டான். "நீ உன் வூட்ல சாப்புடுறவன் பெரியவரே. அது செல்லாது" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆளு விழுந்து செத்த படகு. வூட்டு ஆளே ஏறலைன்னா நாங்க எப்புடி ஏர்றது" என்றான். என் காதில் விழாது என்று நினைத்துச் சொன்னான். போய்விட்டார்கள்.

இப்போது நம் அடுப்பில் சாப்பிட நீதான் இருக்கிறாய். ஒரு நாள் வந்து ஏறி இறங்கிவிட்டுப் போ. மறுநாளே திருப்பூர் பஸ் ஏறிக்கொள், நான் தடுக்க மாட்டேன்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா

*

நல்லவாடு
24-8-1979

மகனுக்கு, நான் சௌகரியம். நீ சௌகரியமாக இருக்கிறாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன், உன்னிடமிருந்து எழுத்து வராததால்.

போன வாரம் துறைமுகத்துக்குப் போனேன். படகின் அடியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மரியதாஸும் நானும் இறைத்தோம். அதாவது அவன் உள்ளே இருந்து வாளியில் மொண்டு கொடுத்தான், நான் கரையில் நின்று வாங்கி ஊற்றினேன். பெண்பிள்ளை படகில் கால் வைக்கக் கூடாது என்பதால் நான் ஏறவில்லை. இன்ஜினை ஓட்டிப் பார்த்தான். பிடிக்கவில்லை. அதை எப்படிக் கிளப்புவது என்று உனக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

பங்குனி மாதம் அன்று இன்ஜின் ரிப்பேர் பார்த்து, சரியாக ஓடுகிறதா என்று நீயும் அப்பாவும் மட்டும் போனீர்கள். நீ மட்டும் திரும்பி வந்தாய். அப்பா முன்பக்கம் நின்றிருந்தார், திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை என்றாய். மூன்றாம் நாள் பக்கத்து ஊர் பனித்திட்டுக் கரையில் ஒதுங்கியவரைத் தூக்கிவந்து நம் கரையில் கிடத்தினார்கள். ஊரே நின்றது. நான் உன் சட்டையைப் பிடித்து, "அப்பா கூப்ட்டது உன் காதுல விழலையாடா" என்று கேட்டேன். நீ இல்லை என்று தலையாட்டினாய். நான் விடவில்லை. மறுபடி மறுபடி கேட்டேன். அம்சவள்ளிதான் என் கையைப் பிரித்துவிட்டாள்.

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. புருஷனைப் பறிகொடுத்தவள் வாயில் வந்தது அது. நீ அதை எடுத்துக்கொண்டு ஊரை விட்டே போனாய். எழுதிவிட்டேன். இனி உன் பாடு.

அம்மா
காசம்மாள்

*

திருப்பூர்
9-9-1979

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை.

இன்ஜினுக்குள் காற்று புகுந்திருக்கும். டீசல் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் ஒரு நட்டு இருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்தி, நுரை போய் வெறும் டீசல் வருகிறவரை விட்டு முறுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பிடித்துக்கொள்ளும். அடியில் தண்ணீர் வருவது பின்பக்கம் சுழலியின் தண்டு வெளியே போகிற ஓட்டை வழியாகத்தான். அங்கே கயிற்றுத் திரியைக் கிரீஸில் நனைத்து அடைக்க வேண்டும். பலகையில் குற்றம் இல்லை.

அந்தப் படகில் நான் ஏற மாட்டேன். வேறு எது சொன்னாலும் செய்கிறேன்.

கரையில் நீங்கள் கேட்டதற்கு அன்றே பதில் சொல்லிவிட்டேன். இனி அதைப் பற்றி எழுத வேண்டாம்.

முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி மரியதாஸிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு
தணிகைவேல்

*

நல்லவாடு
28-9-1979

மகனுக்கு அம்மா எழுதுவது. தைலம் வந்தது. தேய்க்கிறேன், வாசனை நன்றாக இருக்கிறது. உனக்குக் கண்ணெரிச்சல் எதுவும் இல்லையே. மெஷின் இருக்கும் இடத்தில் பஞ்சுத் தூசி பறக்கும் என்றான் மரியதாஸ்.

நீ எழுதியபடி செய்தான். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. "பாத்தியாக்கா, திருப்பூர்ல இருந்தே ஓட்டுறான் உன் புள்ள" என்றான். துறைமுகத்தில் நின்று அழுதேன்.

தேவனாம்பட்டினத்திலிருந்து உலகநாதன் என்று ஒருவர் வந்து பார்த்தார். நாற்பது வயது இருக்கும். கடலில் தொழில் பழகியவர். சுத்தியால் பலகை பலகையாகத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். விலை பேசவே இல்லை, வெள்ளோட்டம் முடியட்டும் என்றார். கூட வந்த அவர் தாய்மாமன் அதே கேள்வியைக் கேட்டார். வீட்டு ஆள் யார்.

"நான்தான்" என்றேன்.

"பொம்பள ஏறக் கூடாதும்மா. அதுவும் நீ..." என்று என் வெறும் நெற்றியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அடுப்புல சாப்புடுற ஆளுன்னுதான் வழக்கம். ஆம்பளன்னு எவன் சொன்னான்? அந்த வூட்ல இப்ப அடுப்பு மூட்டுறதும் நான்தான், திங்கிறதும் நான்தான். வேணும்னா அடுப்பக் கொண்டாந்து ஏத்துறேன்" என்றேன்.

அந்த மாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உலகநாதன் சுத்தியைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "ஐப்பசி காத்து கெளம்பறதுக்குள்ள ஒரு புதன்கெழமை வாம்மா" என்றார்.

அதனால் நீ லீவு கேட்க வேண்டாம். நானே போகிறேன்.

அம்மா

*

திருப்பூர்
6-10-1979

அம்மாவுக்கு, அவசரமாகக் கார்டு எழுதுகிறேன். படகில் ஏறாதீர்கள். விற்க வேண்டாம். உடைத்து விறகாகப் போட்டாலும் சரி. ஏறித்தான் தீருவேன் என்றால் அணியத்துப் பக்கம் போகாதீர்கள். பின்னாலேயே, சுக்கான் பக்கத்திலேயே உட்காருங்கள். முன்பக்கம் போகாதீர்கள்.

தணிகைவேல்

*

நல்லவாடு
14-10-1979

மகன் தணிகைவேலுக்கு அம்மா. நான் முழுசாகத் திரும்பி வந்துவிட்டேன், முதலில் அதைப் படித்துக்கொள். உன் கார்டு நான் போய்வந்த மறுநாள் வந்தது.

புதன்கிழமை காலை தவளக்குப்பத்தில் முதல் பஸ் ஏறினேன். மரியதாஸ் பலகை போட்டுக் கொடுத்தான். ஏறும்போது யாரும் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்துப் படகுக்காரர்கள் எல்லாம் வலையைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார்கள். இருபத்தாறு வருஷம் கடல்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு நான் படகில் கால் வைத்தது அன்றுதான். பலகை காலுக்கடியில் உயிரோடு இருப்பது போல இருந்தது.

உலகநாதன் சுக்கான் பிடித்தார். அவர் மாமன் அடியில் இறங்கித் தண்ணீர் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்த்தபடியே இருந்தார். முகத்துவாரம் தாண்டும்போது மூன்று அலை தூக்கிப் போட்டது. நான் வாந்தி எடுக்கவில்லை. நாகூர்க்காரர் மகனைவிட நான் பரவாயில்லை.

வெளியே போனதும் உலகநாதன் படகை ஒரு பக்கமாகத் திருப்பினார், மறு பக்கமாகத் திருப்பினார். வேகமாக ஓட்டினார், மெதுவாக ஓட்டினார். இன்ஜினை நிறுத்திவிட்டுச் சும்மா மிதக்க விட்டார். மறுபடியும் கிளப்பினார். மரத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார், நாடி பார்க்கிறவர் போல. "நல்ல படகும்மா. நல்லா வெச்சிருந்திருக்காரு" என்றார். அப்பாவைப் பற்றி அவர் சொன்ன ஒரே வார்த்தை அது.

நான் அணியத்துக்குப் போனேன். உன் கார்டு முன்னமே வந்திருந்தாலும் போயிருப்பேன்.

அவர் நின்ற இடம் எது என்று யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. வெற்றிலை போட்டுவிட்டு விரலில் மிச்சமிருக்கும் சுண்ணாம்பைத் துடைக்கிற பழக்கம் அவருக்கு. வீட்டில் கதவு நிலையில் துடைப்பார், நான் திட்டுவேன். அங்கே நங்கூரக் கயிறு கட்டுகிற கட்டைக்குப் பக்கத்தில், பலகையின் உள்பக்கத்தில், வெள்ளை வெள்ளையாக விரல் தடம். ஆறு மாதத் தண்ணீருக்கும் போகவில்லை. என் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அவர் விரல் தடிமன்.

அங்கே நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். உன் பெயரைத்தான் கூப்பிட்டேன். வேலு என்று, அப்பா கூப்பிடுகிற மாதிரியே, வயிற்றிலிருந்து. உலகநாதன் திரும்பவில்லை. அவர் காதில் விழவில்லை, வேலு. இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் விழவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். விழவில்லை.

என் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். முன்னால் கூப்பிட்டால் பின்னால் கேட்காத படகு அது. கரையில் நின்று உன்னைக் கேட்டேனே, நான் படகு ஏறாத முட்டாள். ஏறியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

படகு விற்றுப் போய்விட்டது. உலகநாதன் சாவியையும் நங்கூரத்தையும் வாங்கிக்கொண்டு என் காலைத் தொட வந்தார். நான் விலகிக்கொண்டேன்.

பங்குனியில் அப்பாவுக்குத் தலைத் திவசம். பிண்டம் வைக்க நீ வர வேண்டும். இப்போது உன்மேல் ஒரு குறையும் இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. ஊருக்கும் சொல்லிவிட்டேன். வா.

அம்மா
காசம்மாள்

*

நல்லவாடு
5-12-1979

மகனுக்கு, அம்மா சௌக்கியம். கார்த்திகை மழையில் கூரை தாங்கியது. நான் கடிதம் போட்டு ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிறது. கிடைத்ததா இல்லையா என்று மட்டும் ஒரு வரி எழுது.

படகுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டார்களாம். மரியதாஸ் பார்த்துவிட்டு வந்து சொன்னான். உள்பக்கமும் அடித்தார்களா என்று கேட்டேன். எல்லாப் பக்கமும் அடித்திருக்கிறது என்றான்.

அம்மா

*

திருப்பூர்
8-1-1980

அம்மா,

உன் கடிதம் இரண்டும் கிடைத்தது. அக்டோபர் மாதக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்துவிட்டது.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டு எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அதனால் நேராக எழுதுகிறேன்.

உலகநாதன் காதில் விழவில்லை என்று எழுதியிருக்கிறாய். அம்மா, விழும். அணியத்துக்கும் சுக்கானுக்கும் இருபது அடிதான். இன்ஜின் சத்தம் கீழே கிடக்கும், குரல் அதற்கு மேலே வரும். ஆறு வருஷம் அந்தப் படகில் இருந்தவன் நான். நீ பொய் எழுதியிருக்கிறாய் என்று முதல் தடவை படித்தபோதே தெரிந்துவிட்டது. எனக்காக எழுதினாய் என்பதும் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

எனக்குக் கேட்டது.

அன்றைக்குக் காலையிலிருந்து அப்பா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். ரிப்பேர் பார்த்த இன்ஜினை இப்படியா விரட்டுவது என்று. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் அணியத்துக்குப் போனார். நான் கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். "வேலு" என்றார். நான் திரும்பவில்லை. திரும்பினால் இன்னும் திட்டுவார். மறுபடி "வேலு" என்றார். அதற்கும் திரும்பவில்லை. மூணாவது குரலுக்குத் திரும்பலாம் என்று இருந்தேன். நம் வீட்டில் எப்போதும் அப்படித்தானே. மூணாவது குரல் வந்தால்தான் அவருக்கு நிஜமாகவே ஏதோ வேண்டும்.

மூணாவது குரல் வரவில்லை. கோபம் போய்விட்டது என்று நினைத்தேன். ஒரு பீடி பற்ற வைத்தேன். அது பாதி முடிந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

கரையில் நீ கேட்டபோது நான் பொய் சொன்னேன். இப்போது சொல்லிவிட்டேன். பிண்டம் வைக்க நான் வரக் கூடாது. மாமனை வைக்கச் சொல். நீ இனிமேல் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

வேலு

*

நல்லவாடு
24-1-1980

வேலு,

நீ எழுதிய கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. நன்றாக இருக்கிறாயா என்று நானும் கேட்கப் போவதில்லை. நீ நன்றாக இல்லை. நானும் இல்லை.

படித்த அன்று கூடையோடு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மீன் எல்லாம் வீணாய்ப் போயிற்று. மூன்று நாள் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். இனி உனக்குப் பொய் எழுத மாட்டேன், அதனால் இதையும் எழுதுகிறேன். அந்தப் பீடிதான் தொண்டையில் நின்றது. பாதிப் பீடி நேரம். நம் வாசலில் ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பாதி முடிக்கும்வரை நின்று பார்த்தேன். நீளமான நேரம்.

நீ சொன்னது சரி. உலகநாதன் முதல் குரலுக்கே திரும்பினார். இன்ஜினைக் குறைத்துவிட்டு, "இன்னாம்மா, யாரக் கூப்புடுற?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நீ வர வேண்டும் என்று மாற்றி எழுதினேன்.

நாலாம் நாள் ஒன்று ஞாபகம் வந்தது. உனக்கு ஞாபகம் இருக்காது, மூன்று வயது இருக்கும். அப்பா வாசலில் இருந்து கூப்பிட்டார். நீ சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு ஓடினாய். முதல் குரலுக்கே. அப்போதெல்லாம் முதல் குரலுக்கே ஓடுவாய். நான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "அவரு சும்மா கூப்புடுவாருடா. மூணு தடவ கூப்ட்டா போ, போதும்" என்று சொல்லி வாயில் சோற்றைத் திணித்தேன். ஒரு நாள் இல்லை. தினமும். நீ உட்காரப் பழகிக்கொள்கிறவரை.

அவர் கூப்பிட்டால் நான் மட்டும் எப்போது திரும்பினேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவையாவது முதல் குரலுக்குத் திரும்பியிருக்கிறேனா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். மூணாவதுக்குத்தான். அதையும் முணுமுணுத்துக்கொண்டுதான். கரையில் உன் சட்டையைப் பிடித்துக் கேட்டேனே, அது என்னைக் கேட்டிருக்க வேண்டியது. நான் கற்றுக்கொடுத்ததைத்தான் நீ செய்தாய். தண்ணீருக்குள்ளே இருந்து அவருக்கு மூணாவது தடவை கூப்பிட மூச்சு இல்லை.

இதில் யாருக்கு யார் மன்னிப்பு கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை. அவரிடம்தான் கேட்க வேண்டும், இரண்டு பேருமாக. பிண்டத்தை மாமன் வைக்க முடியாது. அவர் வேறு அடுப்பில் சாப்பிடுகிறவர்.

நேற்றுக் கதவு நிலையைப் பார்த்தேன். அதிலும் சுண்ணாம்புத் தடம் இருக்கிறது. கழுவவில்லை. நீ வந்து பார்க்கும்வரை கழுவ மாட்டேன்.

படகு ஏற வா என்று ஒரு தடவை கூப்பிட்டேன். திவசத்துக்கு வா என்று ஒரு தடவை கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. நம் வீட்டு வழக்கம் அது.

இது மூணாவது குரல், வேலு.

அம்மா